தறப்பாளும் கூடாரமும்: மல்லாவியில் இருந்து ஹோட்டன் சமவெளிக்குப் போற பாதை

ஓகஸ்ட் லீவு வந்தால் மல்லாவியிலும் துணுக்காயிலும் வான் பிடிக்கிறது இப்ப லேசான வேலை இல்லை. மூன்று குடும்பம் சேர்ந்து காசு போட்டு, பதினைஞ்சு பேர் ஒரு வானில ஏறி, சட்டி பானை, காஸ் அடுப்பு, அரிசி, கருவாடு எல்லாத்தையும் பின்னால அடுக்கிக்கொண்டு தெற்கே போறம். முந்தி இந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம் நுவரெலியா. கொஞ்சக் காலமாக எங்கட வயசுக்காரர் இன்னும் ஒரு இடத்தைச் சேர்த்திருக்கினம்: ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிஞ்சு, பூங்காவுக்குள்ள கூடாரம் அடிச்சு ஒரு இரவு தங்கிறது.

மல்லாவி கடல் மட்டத்தில் இருந்து 100 மீற்றர்கூட உயராத காய்ஞ்ச தரை. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல. வெயிலிலயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு, கதைக்கேக்க வாயால புகை வாற குளிர் ஒரு அதிசயம்தான். ஆனால் இந்தப் பயணத்தைத் திட்டம் போடேக்க பல வீடுகளில் பெரியாக்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கினம்: "கூடாரத்தில படுக்கிறதுக்கு ஏன் காசு குடுத்துப் போகோணும்?" அந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. வான் ஓடுகிற பாதைக்கும் ஒரு வரலாறு இருக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடங்களைத்தான் இங்கே பார்க்கப் போறம்.

மாங்குளம் முதல் ஓமந்தை வரை

மல்லாவியில் இருந்து கிழக்கே வந்தால் மாங்குளம் சந்தி. அங்கே ஏ-9 வீதியில், எங்கட வாயில் கண்டி றோட்டில, ஏறுறம். மாங்குளத்தில் இருந்து கண்டிக்கே 200 கிலோமீற்றருக்கு மேல. இப்ப விடிய வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாடு கண்டியில். இது எப்பவும் இப்பிடி இருந்ததில்லை.

1990இல் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கின பிறகு இந்த வீதி வன்னிக்கு ஒரு மூடின கதவாகிவிட்டது. பற்றரி, எரிபொருள், சீமெந்து, பசளை எல்லாம் தடைப்பட்ட, அல்லது அளந்து விடப்பட்ட பொருட்கள். இண்டைக்கு மலைக்குப் போறவன் பையுக்குள்ள வைக்கிற முதல் சாமான் ரோர்ச் லைற். அந்த ரோர்ச்சுக்குப் போடுற இரண்டு பற்றரி அண்டைக்கு வன்னிக்குள்ள கொண்டுவர முடியாத பொருள்.

1995 கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்த சனத்தில் பெரும் பகுதி பிறகு கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தது. 1996இல் கிளிநொச்சியும் இராணுவத்திடம் போக, மல்லாவி ஒரு சின்னக் கிராமத்துச் சந்தியில் இருந்து சனம் நிறைஞ்ச சந்தை நகரமாகிச்சுது. 1997 மே மாதம் தொடங்கின 'ஜெயசிக்குறு' நடவடிக்கையின் நோக்கமே இந்தக் கண்டி வீதியைப் பிடிச்சுத் திறக்கிறதுதான். அந்தச் சண்டை மாங்குளம் வரைக்கும் வந்து, 1999 நவம்பரில் பின்னுக்குப் போனது. அந்த இரண்டரை வருசமும் வீதியோர ஊர்கள் எல்லாம் காடாகிச்சுது. ஒரு வீதிக்காக இவ்வளவு பேர் செத்த வேறொரு வீதி இந்தத் தீவில் இல்லை எண்டே சொல்லலாம்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வீதி திறந்தது. வன்னியில் பிறந்து பத்துப் பன்னிரண்டு வயசு வரைக்கும் ஒரு மலையையே காணாத பிள்ளைகள் கண்டியையும் பேராதனைப் பூங்காவையும் முதல் முதல் பார்த்த காலம் அது. பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் அப்பதான் தெற்குக்குப் போகத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்க யாழ்ப்பாணப் பக்கம் பூட்டுப்பட்டது. ஓமந்தைப் பக்கமும் மெல்ல மெல்ல இறுகிச்சுது. போர் முடிஞ்ச பிறகும் ஓமந்தைச் சோதனைச் சாவடி உடனே போகேல்லை. இறங்கி நடந்து, பதிஞ்சு, பை திறந்து காட்டித்தான் போனம். 2015 ஓகஸ்டில்தான் அது மூடப்பட்டது. இப்ப வானில் போற சின்னப் பிள்ளைகளுக்கு ஓமந்தை ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். அதில் எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தப் பலகையைக் கடக்கிற நிமிசத்தில் ஆராவது ஒருத்தர் கதை சொல்லோணும்.

மதவாச்சியில் சேருகிற பழைய பாதை

வவுனியா தாண்டி மதவாச்சி. அங்கே வலது கைப்பக்கம் ஒரு வீதி பிரிஞ்சு செட்டிகுளம், முருங்கன் வழியாக மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் போகுது. பெரும்பாலான வான்கள் இந்தச் சந்தியைக் கவனிக்காமல் போகும். எங்கட பயணம் ஒரு பழைய பயணத்தோட சேருகிற இடம் இதுதான்.

1820களில் இருந்து, முக்கியமாக 1830களின் பிறகு, கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்காகத் தமிழ்நாட்டில் இருந்து கூட்டி வரப்பட்ட ஆட்கள் வள்ளங்களில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கே இருந்து கங்காணியின் பின்னால், காட்டு வழியால், மாத்தளை வரைக்கும் நடை. தூரம் ஏறக்குறைய 150 மைல். வழியில் குடிதண்ணி இல்லை, கொலறாவும் காய்ச்சலும் இருந்தது, மிருகங்கள் இருந்தன. விழுந்தவர்களை விட்டிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பிள்ளை குட்டியோட, சட்டி பானையைத் தலையில வைச்சுக்கொண்டு, மலையை நோக்கிப் போன குடும்பங்கள் அவர்கள். வடக்கில் இருந்து மத்திய மலைநாட்டுக்கு நடந்த மிகப் பெரிய குடும்பப் பயணம் எண்டால் அதுதான்.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயிலும் வந்த பிறகு நடை குறைஞ்சுது. ஆனால் அதற்கு முந்தின முக்கால் நூற்றாண்டுக்கு மேல, இப்ப நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு போற மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளைப் பக்கம் எல்லாம் அவர்களின் கால் பட்ட நிலம். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' எண்ட பெயரில் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. யூலை கடைசியில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளையில் முடிஞ்சுது. செட்டிகுளமும் மதவாச்சியும் அந்தப் பாதையில் இருந்தன.

மாத்தளையில் எல்லா வானும் முத்துமாரியம்மன் கோயிலில் நிற்கும். தேங்காய் உடைச்சு, படம் எடுத்து, கால் கழுவிப் போறம். அந்தக் கோயில் ஏன் அந்த இடத்தில் இருக்கு எண்டு கேட்கிறவர்கள் குறைவு. நடைப் பயணம் முடிகிற ஊர் மாத்தளை. காட்டைக் கடந்து உயிரோட வந்து சேர்ந்தவர்கள் அம்மனுக்கு நன்றி சொன்ன இடத்தில் வளர்ந்த வழிபாடு அது.

கம்பளைக்குப் பிறகு ஏற்றம்

கண்டி கழிய கம்பளை. இங்கேதான் 1823இல் ஜோர்ஜ் பேர்ட் எண்டவர் சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 200 ஆண்டுக் கணக்கு இந்த ஆண்டில் இருந்துதான் வருகுது. கம்பளைக்குப் பிறகு புசல்லாவை, ரம்பொடை, வளைஞ்சு வளைஞ்சு ஏறுகிற வீதி. வானுக்குள்ள பாதிப் பேருக்குச் சத்தி வரும், மற்றப் பாதிப் பேர் போன் தூக்கிப் படம் எடுப்பினம்.

அந்தப் படங்களில் வாற பச்சை ஒரு காலத்தில் காடு. 1840இல் ஆங்கில அரசு முடிக்குரிய நிலங்கள் பற்றி ஒரு கட்டளைச் சட்டம் கொண்டு வந்து, உறுதி இல்லாத காட்டையும் தரிசையும் அரசுக்குச் சொந்தமாக்கியது. அந்த நிலம் தோட்டத் துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டது. சிங்களக் கிராமத்தவர்களின் சேனைக் காடு போனது. வெட்டி எரிச்சு நடுகிற வேலைக்கு மன்னார் வழியால் வந்த ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் பிடிச்சு, அடுத்த பத்துப் பதினைஞ்சு வருசத்தில் கோப்பி அழிய, தேயிலை வந்தது. பயிர் மாறினது. லயம் மாறேல்லை.

லயம் எண்டது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய் அடிச்ச சின்னக் காம்பராக்கள். குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னுக்கு ஒரு சின்ன விறாந்தை. வீதியில் இருந்து பார்த்தால் வர்ணம் அடிச்ச வடிவான வரிசையாய்த் தெரியும். ஒரு இரவு குளிரில் படுத்துப் பார்க்கிறதுக்காக நாங்கள் மலைக்குப் போறம். அந்தக் குளிரில் தகரக் கூரைக்குக் கீழே ஐந்து ஆறு தலைமுறையாகப் படுக்கிற சனம் அந்த வளைவிலதான் இருக்கு.

ஹோட்டன் எண்டவர் ஆர்?

நுவரெலியாவில் இருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சமவெளிக்கு ஏறலாம். பட்டிப்பொல இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம். மலைக்கு மேல திடீரெண்டு நிலம் தட்டையாகி, புல்லும் மேகமும் மட்டும் தெரியும். சிங்களத்தில் இதன் பழைய பெயர் மகாஎலிய. 1834இல் இரண்டு பிரித்தானிய லெப்டினன்ட்மார் இங்கே வந்து, அப்போதைய ஆளுநர் சேர் ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். அவர் 1831 முதல் 1837 வரை இலங்கை ஆளுநர்.

இந்த ஹோட்டனைப் பற்றி எங்கட பாடப் புத்தகங்களில் ஒரு வரிக்கு மேல இல்லை. இலங்கைக்கு வர முதல், 1820களில், இவர் லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான துணைச் செயலாளர். அவர் விடாமல் பேசின விசயம் ஒன்று: பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் இருக்கிற ஏழைகளை அரசு செலவில் கப்பலேற்றி கனடா போன்ற குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிவிட வேணும். ஏழைச் சனத்தை ஒரு இடத்தில் இருந்து தூக்கி இன்னொரு இடத்தில் வைச்சால் இரண்டு இடத்துக் கணக்கும் சரிவரும் எண்டது அந்தக் காலத்துப் பேரரசின் சிந்தனை. ஹோட்டன் அதற்கு முக்கியமான குரல். அவர் ஆளுநராய் இருந்த காலத்திலதான் இங்கே கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அவர் பெயரைத் தாங்கின சமவெளிக்குக் கீழே இருக்கிற மலைகள் எல்லாம் அப்படித் தூக்கி வைக்கப்பட்ட சனத்தின் உழைப்பால் மாறினவை. பெயர் தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பலகைக்கு முன்னால நிண்டு செல்பி எடுக்கேக்க இதைத் தெரிஞ்சிருக்கிறது நல்லம்.

5,000 அடிக்கு மேல காடு, கீழே தோட்டம்

இந்தச் சமவெளியில் முதலில் கூடாரம் அடிச்சவர்கள் வேட்டைக்காரத் துரைமார். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறின சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தோட இங்கே மரை வேட்டையாடினார். பிறகு ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலம் தேடிப் போன அதே பேக்கர்தான். பூங்காவுக்குள்ள இருக்கிற நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர். பார்வையாளர் நிலையமாக இருக்கிற 'ஃபார் இன்' கட்டிடம் தோமஸ் ஃபார் எண்ட தோட்டத் துரை வேட்டைக்குத் தங்கிறதுக்குக் கட்டினது. யானைகளும் ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் இருந்தன. வேட்டையில் அவை முழுதாய் இல்லாமல் போயிட்டுது. யானையோட வாழப் பழகின வன்னியான் 2,100 மீற்றரில் நிண்டு இதை யோசிச்சுப் பார்க்க வேணும்.

காடு தப்பினதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 1873இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவராய் இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல உள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விடச் சொல்லி ஆலோசனை சொன்னார். அதன்படி அந்த உயரத்துக்கு மேல காட்டுநிலம் விற்கிறது தடுக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை எண்ட மூன்று பெரிய ஆறுகளின் தலைநீர் இந்தப் பகுதியில் இருந்துதான் வடியுது. 1960களில் இங்கே விதை உருளைக்கிழங்கும் செய்து பார்த்தார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆனது. 2010இல் யுனெஸ்கோ, சிவனொளிபாத மலைக்காட்டையும் நக்கிள்ஸையும் இதோட சேர்த்து உலக மரபுரிமை ஆக்கியது. பரப்பு 3,160 ஹெக்ரெயர்.

வாசலில் பை திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவினம். பிஸ்கற்றின் உறையைக்கூட கழற்றிக் கடதாசியில் சுத்தித்தான் விடுவினம். எங்கட பெரியாக்களுக்கு பை திறந்து காட்டுறது பழகின வேலை. ஆனால் இங்கே தேடுறது மரைகளின் வயித்துக்குள்ள பொலித்தீன் போகாமல் இருக்க. இது தேவையான சோதனை. இதைப் பகிடி பண்ணாமல் ஒத்துழைக்கிறதுதான் மரியாதை.

முகாம் எண்ட சொல்

இப்ப அந்தப் பெரியாக்களின் கேள்விக்கு வருவம்.

வன்னியில் 'முகாம்' எண்டு சொன்னால் முதல் நினைவுக்கு வாறது இராணுவ முகாம், அடுத்தது அகதி முகாம். விடுமுறைக்குக் கூடாரம் அடிக்கிறதுக்கு எங்கட பேச்சில் சொல்லே இருக்கேல்லை. அதனாலதான் பெடியள் 'காம்பிங்' எண்டு சொல்லித் தப்பினம்.

2008 செப்ரெம்பர் தொடக்கத்தில் மல்லாவி இராணுவத்தின் கைக்குப் போனது. அதுக்கு முதலே சனம் வெளிக்கிட்டிட்டுது. உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரம், கதவு, நெல்லு, கோழி எல்லாம் ஏற்றிக் கிளிநொச்சிப் பக்கம், பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் கடற்கரை. நிண்ட இடத்தில எல்லாம் நாலு தடி நட்டு ஒரு தறப்பாள். அதுக்குப் பக்கத்தில் ஒரு பதுங்குகுழி. இடம் மாற மாற உழவு இயந்திரமும் போய், நெல்லும் போய், கடைசி வரைக்கும் கையில் மிஞ்சினது தறப்பாள் ஒன்றுதான். 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாமில் ஐக்கிய நாடுகளின் எழுத்துப் போட்ட வெள்ளைக் கூடாரங்கள். முட்கம்பிக்குள்ள 2 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். அந்த முகாம் முழுதாய் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

அந்த முகாமின் பிரிவுகளுக்குத் தமிழ்த் தலைவர்களின் பெயர் வைச்சிருந்தது. அதில் ஒன்று பொன்னம்பலம் அருணாசலம். 1910களின் கடைசியில் தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் அமைச்சுப் போராடினவர் அவர். கடன் சீட்டைக் காட்டித் தொழிலாளியைக் கட்டி வைச்சிருந்த 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டதில் அந்தப் போராட்டங்களுக்குப் பங்கு இருக்கு. மன்னாரில் இருந்து நடந்த சனத்துக்காகப் பேசின ஒருவரின் பெயரை, அதே செட்டிகுளத்தில், வெளியே போக விடாத ஒரு முகாமுக்கு வைச்சிருந்தார்கள்.

ஆகவே கூடாரத்தில் படுக்கக் காசு கட்டுறது ஏன் எண்ட கேள்வியில் பகிடி பாதிதான். மழை விழுகிற சத்தம் தறப்பாளில் கேட்டால் நித்திரை வராத ஆட்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கினம். அவர்களைக் கட்டாயப்படுத்திக் கூடாரத்துக்குள்ள படுக்க வைக்க வேண்டாம். பட்டிப்பொலவிலோ நுவரெலியாவிலோ ஒரு அறை எடுத்துக் கொடுங்கோ. அதே நேரம், அடுத்த தலைமுறை கூடாரத்துக்குள்ள படுத்துச் சிரிக்கிறது பிழை இல்லை. தான் விரும்பிப் போய், விரும்பின நேரம் கழற்றி மடிச்சு, வீட்டுக்குத் திரும்பி வரலாம் எண்டதுதான் கூடாரத்துக்கும் அகதித் தறப்பாளுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் எங்களுக்குச் சும்மா கிடைக்கேல்லை.

மலையில் இருந்து வன்னிக்கு

இந்தப் பாதை ஒரு பக்கம் மட்டும் ஓடேல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. எங்கே போக விருப்பம் எண்டு சனத்திடம் கேட்டு இந்தக் கணக்குப் போடேல்லை. 1970களின் தொடக்கத்தில் தோட்டங்கள் அரசுடைமையாக, 1973, 1974 பஞ்சமும் சேர, 1977 ஓகஸ்ட் வன்செயலும் வர, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தன. காந்தியம் போன்ற அமைப்புகள் குடியேற்றங்களை அமைச்சுக் கொடுத்தன. தாத்தாவோ பாட்டனோ மன்னாரில் இருந்து மேலே நடந்த அதே வழியால் பேரப்பிள்ளைகள் கீழே வந்தார்கள்.

வன்னியின் காடு வெட்டிக் களனியாக்கினதில் அவர்களின் கை இருக்கு. பிறகு வந்த போரில் எல்லாரோடயும் சேர்ந்து அவர்களும் செத்தார்கள், இடம்பெயர்ந்தார்கள், மெனிக் பாமில் இருந்தார்கள். ஆனால் காணி உறுதி, வாய்க்கால் தண்ணி எண்டு வரேக்க அவர்களின் குடியேற்றங்கள் இப்பவும் பின்வரிசையில்தான். கல்யாணப் பேச்சில், கோயில் நிர்வாகத்தில், ஏன் பள்ளிக்கூட மைதானத்தில்கூட 'தோட்டக்காட்டார்' எண்ட சொல்லு இன்னும் எங்கட ஆட்களின் வாயில் இருக்கு. இதை வெளியில் இருந்து ஆரும் வந்து சொல்லத் தேவையில்லை, எங்களுக்கே தெரியும்.

300 கிலோமீற்றர் ஓடிப் போய்த் தேயிலைக் கொழுந்தோட படம் எடுக்கிறம். அந்தக் கொழுந்து பறிச்ச கையுடைய ஒரு கிழவி எங்கட ஊருக்குப் பக்கத்துக் குடியேற்றத்திலேயே இருப்பா. அவவிட்ட ஒரு நாள்கூடப் போய்க் கதைச்சிருக்க மாட்டம். இந்தப் பயணத்தில் எங்களுக்குச் சரியாய்ப் படாத இடம் இதுதான்.

மலைக்குப் போறதை விட வேணும் எண்டு நாங்கள் சொல்லேல்லை. போங்கோ. ஜனவரி, பெப்ரவரியில் போனால் விடியப்புறம் புல்லில் உறைபனி பார்க்கலாம். உலக முடிவுக்குக் காலமை வெள்ளணப் போகோணும், பத்து மணிக்குப் பிறகு மேகம் ஏறி ஒண்டும் தெரியாது. கம்பளிப் போர்வை இரண்டு கூட எடுங்கோ. போறதுக்கு முதல் கிழமை, உங்கட ஊரில் இருக்கிற மலையகத்துப் பெரியவர் ஒருத்தரைத் தேடிப் போய், எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தனீங்கள், எந்த வழியால் வந்தனீங்கள் எண்டு கேளுங்கோ. அந்தத் தோட்டம் உங்கட வழியில் இருந்தால் அவவையும் வானில் ஏற்றுங்கோ. பதினைஞ்சு பேர் போற வானில் பதினாறாவது ஆளுக்கு எங்கட சனம் எப்பவும் இடம் எடுத்துக் கொடுக்கும்.